எட்டுக்கையம்மனிடம் கேட்ட பூ

வெல்லிங்டன்,
12-8-1962

அன்புள்ள இருசாயிக்கு,

சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையில் ராத்திரியெல்லாம் புத்தகத்தோடு விழித்திருக்கிறேன். அடுத்த மாதம் நாயக் பதவிக்குப் பரீட்சை. தேறினால் எனக்குக் கீழே பத்துச் சிப்பாய்கள். மூன்று ஆபீசர்கள் உட்கார்ந்து இந்தியில் கேட்பார்கள், நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். போன வருஷம் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பியதுதான் உனக்குத் தெரியுமே. இதிலும் தவறினால் அப்புறம் கூப்பிட மாட்டார்கள்.

மேப் என்று ஒரு காகிதம். மலையைக் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. நம் மலையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்கிவிடுவேன். இந்தக் காகித மலையில் தினமும் வழி தவறுகிறேன். சிரிக்காதே.

ஒன்று செய், கண்ணு. எட்டுக்கையம்மனிடம் எனக்காகப் பூ கேள். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். பூசாரி எடுத்துத் தருவதில் வெள்ளை இருந்தால் தேறிவிடுவேன். சிவப்பென்றால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். வந்ததை அப்படியே எழுது.

உன்
செல்லமுத்து


குண்டூர் நாடு,
27-8-1962

மாமாவுக்கு இருசாயி கும்பிட்டு எழுதியது.

என் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்க. சாமை கதிர் வாங்கிவிட்டது. பன்றித் தொல்லைதான் தாங்கவில்லை.

பூ கேட்டேன். வெள்ளைதானுங்க. பயப்படாமல் படிங்க.

உங்கள் தம்பி முத்தன் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிப் போய்வந்தார். சீனாக்காரன் எல்லைக்கு வந்துவிட்டான் என்று அங்கே பேச்சாம். பத்துப் பேருக்குத் தலைவர் என்றால் முன்னால் நடக்கிறவர் நீங்கள்தானே? பின்னால் நிற்கிற வேலை பட்டாளத்தில் ஒன்றுமே கிடையாதுங்களா? கோபப்படாதீங்க. கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன்.

இருசாயி


வெல்லிங்டன்,
25-9-1962

அன்புள்ள இருசாயிக்கு,

தேறிவிட்டேன்!  உள்ளே போகும்போது வெள்ளைப் பூவை நினைத்துக்கொண்டேன், நாக்கு தானாக அவிழ்ந்தது. மேப்பில் ஓடையைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். சட்டைக் கையில் இப்போது இரண்டு பட்டை.

நாளை வடக்கே ரயிலேறுகிறோம். பனி மலையாம். என் பத்துப் பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது, இருசாயி. அவர்களிடம் சொல்ல முடியுமா? உன்னிடம்தான் சொல்கிறேன்.

இன்னொரு தடவை பூ கேள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருவேனா என்று கேள். போன தடவை மாதிரியே வந்ததை எழுது.

உன்
செல்லமுத்து


குண்டூர் நாடு,
24-10-1962

மாமாவுக்கு இருசாயி கும்பிட்டு எழுதியது.

உங்கள் காகிதம் வந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. சண்டை தொடங்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னதாக நேற்று முத்தன் வந்து சொன்னார். இனியும் மறைக்க என்னால் ஆகாது.

வெள்ளை வந்தது என்று எழுதினேனே, அது பொய்யுங்க. பூசாரி எடுத்துத் தந்த பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. சிவப்பாக இருந்தால் நீங்கள் உடைந்துபோவீர்கள். வெள்ளையாக இருந்தால் சண்டைக்கு முன்னால் போவீர்கள். எதைப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு எது பிடிக்குமோ அதை எழுதிவிட்டேன். 

ஆனால் ஆபீசர்களிடம் பேசியது உங்கள் நாக்குதானுங்க. பூ ஒன்றும் பேசவில்லை. அதை மட்டும் மறக்காதீங்க.

இன்னொரு பூ நான் கேட்க மாட்டேன். அந்தப் பொட்டலம் அடுக்குப்பானைக்குள் கிடக்கிறது. பூ இந்நேரம் சருகாகியிருக்கும். பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வாங்க, களி கிண்டிப் போடுகிறேன். பொட்டலத்தை நீங்கள் வந்துதான் பிரிக்க வேண்டும்.

இருசாயி