நிழலரசி மண்டியிடும் அத்தியாயம்

மார்ச் 4

மாண்புமிகு சூரியனுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். வெளிச்சத்துக்கு என்ன குறை?

நாம் சேர்ந்து எழுதும் கதையின் நான்காம் பாகத்து அச்சுப்படியைப் பதிப்பாளர் அனுப்பியிருந்தார். கடைசி அத்தியாயத்தில் என் நிழலரசி உன் ஒளியரசனின் காலில் விழுகிறாள். அழுகிறாள். “இருளில் வழி தவறிவிட்டேன்” என்கிறாள். அவள் கண்ணீர் விழுந்த இடத்தில் வெள்ளைப் பூ பூக்கிறது.

இதை நான் எழுதவில்லை.

ஒளிநாடு உனக்கு, நிழல்நாடு எனக்கு. உன் ஆட்களை நான் தொடக்கூடாது, என் ஆட்களை நீ தொடக்கூடாது. சாவோ மன்னிப்போ, உரியவர்தான் எழுத வேண்டும். கல்லூரி விடுதி வாசலில் நின்று போட்ட ஒப்பந்தம். அதற்குப் பிறகு நாம் கல்யாணமும் செய்துகொண்டோம், பிரிந்தும் இருக்கிறோம். இரண்டிலும் உடையாமல் இருந்தது அது ஒன்றுதான். அதையும் உடைத்துவிட்டாய், பூவெல்லாம் வைத்து.

அந்த அத்தியாயத்தை எடு. இல்லையென்றால் அட்டையிலிருந்து என் பெயரை எடு.

இப்படிக்கு,
இருட்டு

மார்ச் 9

என் அன்பான இருட்டுக்கு,

கோபமாகவாவது எழுதினாயே. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

கேட்காமல் எழுதியது தப்புதான். ஆனால் கொஞ்சம் யோசி. மூன்று பாகமாக வாசகர்கள் நிழலிலேயே நம்மோடு நடந்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் விடிய வேண்டாமா? நிழல் என்பது என்ன, வெளிச்சம் இன்னும் வந்து சேராத இடம். நம் கதை முழுக்க அதைத்தானே சொல்கிறது? அரசி விழுவது தோல்வி இல்லை. நம்பிக்கை அவளைத் தொடுகிற கணம் அது.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் மேசையை நகர்த்தவில்லை. போன வாரம் அம்மா, “அவ எப்படா வருவா?” என்று கேட்டார். “கதை முடிஞ்சதும் வந்துடுவாம்மா” என்றேன்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன்,
சூரியன்

மார்ச் 15

மாண்புமிகு சூரியனுக்கு,

அப்படியா சங்கதி. அரசி மண்டியிட்டால் பின்னாலேயே நானும் பெட்டியோடு வந்து நிற்பேன் என்று நினைத்திருக்கிறாய். சமாதானம் பேச வேண்டுமானால் ஒரு பஸ் பிடித்து வந்திருக்கலாம். குதிரைப்படையை அனுப்பியிருக்கிறாய்.

நீ ஆரம்பித்தாய், நானும் சொல்லிவிடுகிறேன்.

உன் ஒளிநாட்டில் யாரும் எண்ணெய் வாங்கியதில்லை. யாரும் திரி திரித்ததில்லை. கோபுரங்கள் சும்மாவே ஜொலிக்கின்றன. என் நாட்டில்தான் பெண்கள் கரி படிந்த கண்ணாடியைத் துடைத்து விளக்கேற்றுகிறார்கள். நம் குளியலறை பல்பு போனபோது நீ இருபது பக்கத்துக்கு ஒரு சூரியோதயம் எழுதிக்கொண்டிருந்தாய். ஸ்டூல் போட்டு ஏறினது நான். கீழேயிருந்து உன் குரல்: “கொஞ்சம் சத்தம் போடாம மாத்தேன், ஃப்ளோ போயிடும்.”

இன்னொன்று. உன் மக்கள் எல்லோரும் பால் நிறம். பாவம் செய்தவன் மட்டும் கறுப்பாகிக்கொண்டே போவான். கல்யாணத்தன்று உன் சித்தி என்னை மூலைக்கு இழுத்துப்போய், “போட்டோவுல தெரியணும்ல, இன்னும் ரெண்டு கோட் பவுடர் பூசிக்கம்மா” என்றது ஞாபகமிருக்கிறதா? நீ பக்கத்தில்தான் நின்றாய். சிரித்தாய். அந்தச் சித்தியைத்தான் நாலு பாகமாக, கோட்டை கொத்தளத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறாய். அதற்கு நம்பிக்கை என்று பெயர்.

நிழல், வெளிச்சம் வந்து சேராத இடமாம். வெளிச்சத்தை மறித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிற இடம்.

அத்தியாயத்தை எடு.

இருட்டு

மார்ச் 20

இருட்டுக்கு,

சித்தி விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. நீ சொன்னால் நடந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். உன் அரசிக்கு என்னதான் வேண்டும்? மூன்று பாகம் அவளோடு போர் செய்தும் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஏளனம் செய்வது சுலபம். வாசகனுக்குக் கையில் பிடித்துக்கொள்ள எதையாவது தரவேண்டியது நான்தான். எப்போதும் நான்தான்.

சரி. அத்தியாயத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் மாதக் கடைசிவரை தாங்குவார். “உங்க ரெண்டு பேர் சண்டையில என் மெஷின் சும்மா கிடக்குது சார்” என்று ஒரு பாட்டம் அழுதார். அரசியின் முடிவை நீயே எழுது. ஒரே வேண்டுகோள்: ஒரு துளி நம்பிக்கைக்கு இடம் விடு.

சூரியன்

மார்ச் 28

சூரியனுக்கு,

அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சின்னதுதான்.

போர் நடக்கவேண்டிய காலையில் அரசி எழுந்து நடக்கிறாள். நாம் வரைந்த வரைபடத்தின் ஓரம்வரை போகிறாள். அதைத் தாண்டியும் போகிறாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டியதில்லை. உன் படை வந்து கதவை உடைக்கும்போது அரண்மனை காலி. அவள் அறையில் ஒரு விளக்கு எரிகிறது. வாசலில் உன் அரசன், உருவிய வாளோடு.

அவனை நான் தொடவில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்றுகூட எழுதவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

இருட்டு

ஏப்ரல் 2

என் கண்ணே,

படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த விளக்கு! வாயால் சொல்ல மனமில்லாமல் எப்படிச் சொல்லிவிட்டாய்! ஏளனத்துக்கெல்லாம் அடியில் நீயும் நம்புகிறாய். திரும்பி வருகிறவள்தானே விளக்கை எரியவிட்டுப் போவாள்? பதிப்பாளரிடமும் சொன்னேன்: “பாத்தீங்களா சார், கடைசியில என் வழிக்கே வந்துட்டா.” ஐந்தாம் பாகத்தை அந்த விளக்கிலிருந்தே தொடங்கிவிட்டேன். அரசன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறான். அற்புதமாக வருகிறது.

எந்த பஸ் என்று மட்டும் எழுது. ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உன்னுடைய,
சூரியன்

ஏப்ரல் 6

ஐயா,

அவள் அவசரத்தில் கிளம்பினாள். அணைக்க மறந்துவிட்டாள்.

அந்த அறையில் இப்போது இருப்பது உங்கள் ஆள் ஒருவன்தான். எழுந்து ஊதச் சொல்லுங்கள்.