எழும்பி நின்ற பிள்ளை

இன்று காலை கோர்ட் வளாகத்து வீடியோ அறையைத் திறந்ததும் அந்தப் பச்சைத் திரைச்சீலையின் பூசண வாடை முகத்தில் அடித்தது. உன் காலத்திலிருந்து அதை ஒருவரும் துவைக்கவில்லை. "பிள்ளையள ஈரச்சாக்குக்குள்ள இருத்துகானுவ" என்று நீ திட்டுவாய். இப்போது திட்டவும் ஆளில்லை.

விசாரணைக்கு வரும் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பதுதான் நம் இருவர் வேலையும். நீதிபதி வேறு ஊரில் இருப்பார். பிள்ளை இங்கே கேமரா முன்னால், பக்கத்தில் நாம். விசாரணை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. "பேசப்பிடாதுன்னுதானே சொன்னானுவ, பக்கத்துல இருக்கப்பிடாதுன்னு சொல்லேல்லியே" என்று அதிலும் ஓர் ஆறுதலைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

கேமரா வந்த புதிதில் அந்தக் கடற்கரைச் சிறுமி வந்தாள். எட்டு வயது. அம்மா செத்தபின் சித்தியோடு இருந்தாள். மகள் தனக்கு வேண்டும் என்று அப்பா தன் ஊரில் வழக்குப் போட்டிருந்தார். அவர் அம்மாவை அடித்ததையெல்லாம் கண்ணால் பார்த்த பிள்ளை. யாரோடு இருக்க விருப்பம், ஏன் என்று அவள் வாயால் சொன்னால் போதும். உன்னிடம் முன்பே எல்லாம் சொல்லியிருந்தாள்.

தோவாளைப் பிச்சிப்பூவை அவள் தலையில் வைத்துவிட்டு, "பயந்தியா மக்கா?" என்று கேட்டாய்.

"நீங்க கூட இருப்பியளா?"

"நான் எங்க போவப் போறேன்? கூடத்தான் இருப்பேன்."

திரையில் நீதிபதி வந்து பெயரைக் கேட்டதும் அவள் எழும்பி நின்றாள். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் பெரியவர்கள் கேட்டால் எழும்பித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம். கேமராவோ உட்கார்ந்திருப்பவர் உயரத்துக்கு வைத்தது. அந்தப் பக்கம் சட்டை மட்டும்தான் தெரிந்தது, முகம் இல்லை. பேசத் தடை இருந்ததால் நீ அவள் பாவாடையைப் பிடித்து மெல்ல இழுத்து உட்கார வைத்தாய். அடுத்த கேள்விக்கும் எழும்பினாள். நீயும் மறுபடி இழுத்தாய். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, பிள்ளை வாயெடுக்கும் போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு பெரிய கை வந்து அவளை இழுப்பதுதான் தெரிந்திருக்கும்.

"பிள்ளையைப் பேசவிடாம மிரட்டுறாங்க, ஐயா!" என்று அப்பாவின் வக்கீல் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"ஐயா, எங்க ஊருப் பிள்ளைய..." என்று நீ தொடங்கியதுதான் தாமதம், உன்னைப் பேசக் கூடாது என்றார்கள். கதவோரம் நின்ற என்னையும் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அவள் எழும்பியே நின்றாள். உட்கார வைக்க ஆளில்லை. நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. கூட இருப்பேன் என்றவள் எழுந்து போய்விட்டாள் என்றுதானே அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்?

சித்தி வீட்டார் மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி அவளை அப்பாவோடு அனுப்பினார்கள். உன்னையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க நமக்கு உரிமை இல்லையாம். சித்திக்கே ஒரு போன் வரவில்லை.

சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நீ அதையேதான் கேட்டாய். "ஏட்டி, நான் கைய வைக்காம இருந்திருந்தா பிள்ளை இங்கனதான இருந்திருக்கும்?"

"சும்மா கிட" என்று அதட்டினேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ சொல்ல வந்ததைக் காதில் வாங்காதவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். தூக்கம் போனது உனக்கு.

இன்று ஒரு சிறு பையன் வந்திருந்தான். விசாரணை தொடங்கும் முன்பே நான் கையைத் தூக்கினேன். "ஐயா, எங்க ஊர்ப் பிள்ளைங்க பெரியவங்க கேட்டா எழும்பி நிப்பாங்க. கேமராவுல முகம் தெரியாது. உக்காந்து பேசச் சொல்லுங்க."

"உட்கார்ந்தே பேசு தம்பி" என்று சிரித்தார் நீதிபதி. பையன் கடைசிவரை உட்கார்ந்து, சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இவ்வளவுதானா, இதைச் சொல்லத்தானே உன்னை விடவில்லை? இந்த எரிச்சல் ஆற வேண்டாம். ஆறிவிட்டால் நானும் அடுத்த பிள்ளையின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.