பெயர் எழுதாத வாளி

துறையூர்,
ஜூன் 19.

அன்புள்ள அப்பாவுக்கு ஜோதி எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அம்மா இறந்து இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். நீங்கள் குவைத் திரும்பி நாற்பது நாள். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசும்போது அக்கா பக்கத்திலேயே இருக்கிறாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

நான் பன்னிரண்டாவது முடிக்கும்வரை அனுசுயா அக்கா காலேஜை நிறுத்திவிட்டு என்னுடன் வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னீர்கள். அவளும் மறுத்துப் பேசவில்லை. அதன்படி புதன்கிழமை, காலேஜ் திறந்த அன்றே, ஸ்ரீரங்கம் ஹாஸ்டலுக்கு அவள் பெட்டியை எடுத்துவர இருவரும் போனோம். கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும்போது எப்போதும் எட்டிப் பார்ப்பவள், மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

ஹாஸ்டலில் திறக்கும் நாளன்று ஒரு வழக்கம். அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை வராந்தாவில் வரிசையாக வாழையிலை போட்டுக் கொட்டி, எல்லோருமாகச் சாப்பிடுகிறார்கள். வைஷ்ணவி என்ற பெண்ணுக்கு நம் வீட்டு விஷயம் தெரியாது போல. "அனு, உங்கம்மா புளிசாதம் எங்கடி? போன வருஷம் எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கல" என்று சிரித்தாள். அக்கா, "இந்தத் தடவை இல்ல" என்றாள். அவ்வளவுதான். அவர்கள் வைத்ததைச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டோம் என்று இப்போது யோசித்தாலும் நினைவு வரவில்லை.

இன்னொரு வழக்கம் வாளி. படிப்பை முடித்துப் போகிறவர்கள் தங்கள் குளியல் வாளியின் அடியில் பெயரைக் கீறிவிட்டு, அதை இளைய மாணவி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். அக்காவுக்குக் கிடைத்தது ஒரு சிவப்பு வாளி. அதில் ஏழு பெயர்கள் இருந்தன. பெட்டியைக் கட்டிய பிறகு அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டு என் காம்பஸைக் கேட்டாள். எதற்கென்று விளங்காமல் நானும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதல் எழுத்தைக் கீறத் தொடங்கும்போதே அறைத்தோழி வள்ளிக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சவங்கதான்டி எழுதணும். நீ இன்னும் முடிக்கல."

யாருக்காவது கொடுத்துவிடு என்று அக்கா சொன்னாள். பெயர் எழுதாமல் வாளி கை மாறாது என்று சொல்லி வள்ளிக்கண்ணு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அக்கா காம்பஸை என்னிடம் திருப்பித் தந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அம்மா போன அன்றிலிருந்தே அப்படித்தான். திரும்பும்போது பஸ்ஸில், நாளைக்கு என்ன டெஸ்ட் என்று கேட்டாள். கெமிஸ்ட்ரி என்றேன்.

காலை நாலரைக்கு எழுந்து எனக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறாள். நேற்று சாயங்காலம் நான் வரும்போது, காலையில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இருந்தாள். ஃபேன்கூடப் போடவில்லை.

அப்பா, எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். ரசமும் வைப்பேன். ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் அத்தையிடம் நானே போய்க் கேட்டேன். "நான் வந்து படுத்துக்கறேன். இதுக்குப் போயி அந்தப் புள்ள படிப்ப நிறுத்துவாங்களா" என்று திட்டினார்.

காலேஜிலிருந்து அக்காவின் பெயரை நீக்க உங்கள் கையெழுத்து வேண்டுமாம். வார்டன் மேடம் ஒரு படிவம் கொடுத்தார். முப்பதாம் தேதிவரை ஹாஸ்டலில் அக்காவின் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாராம். படிவத்தை அக்கா நிரப்பி உறையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை குவைத் கிளம்பும் சிவசங்கர் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள். அந்த உறையில்தான் இதையும் வைக்கிறேன்.

நீங்கள் எது சொன்னாலும் அவள் "சரிப்பா" என்றுதான் சொல்லுவாள். காலேஜுக்குக் கிளம்பு என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் "சரிப்பா" என்றுதான் சொல்லுவாள்.

வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் மகள்,
ஜோதி