சித்திரை ஒன்றுக்குத் தண்ணீரில் இறங்கிய படகு

காற்றுக்கும் என் பேச்சுக்கும் எதிராக மட்டுமே பாய் விரிக்கத் தெரிந்த என் அன்புக் கேப்டனுக்கு,

ஏனுங்க, நலமா என்று கேட்க வழியில்லை. நேராக ஊர் வம்புக்கு வந்துவிடுகிறேன். நம் பிளானோ ஊர் அப்படியேதான் இருக்கிறது. டோல்வே ரோட்டை இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா புதுச் சமையலறை கட்டி முடித்துவிட்டாள். அதில் கறை படிந்துவிடும் என்று கராஜில் அடுப்பு வைத்துச் சமைக்கிறாள். நான் கொஞ்சம் பருமனாகிவிட்டேன். இதைச் சொல்ல மல்லிகா இருக்கிறாள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

தமிழ்ச் சங்கத்துச் சித்திரை மலருக்கு வழக்கம்போல் சிரிப்பாக ஒன்று எழுதச் சொன்னார்கள். வழக்கம்போல் உங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை கயல் வருகிறாள். நம் மகளிடம் நான் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போன நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருக்கிறேன். அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொட்டாவி விட்டுக்கொள்ளலாம். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, வாய்க்காலில் நீந்தி, டெக்சாஸில் கடலே இல்லாத ஊரில் வீடு வாங்கிய ஒரு மனிதர், ஐம்பது வயதில் கிரீஸ் நாட்டுக் கரையில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். மற்ற ஆண்கள் அந்த வயதில் சிவப்புக் கார் வாங்குவார்கள். இவர் வாங்கியதற்குச் சக்கரமே கிடையாது. ‘பவானி’ என்று பேர் எழுதினார். குளிர்காலம் முழுக்க அது கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும். ஏப்ரலில் நாங்கள் போய் இறக்குவோம். ஆறு வாரம் அதிலேயே குடித்தனம். இப்படி மூன்று வசந்தம்.

குடித்தனம் என்றால் என்ன குடித்தனம்! படுக்கை தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் ஒரு முழம். நான்கு கால்களும் அங்கே போய் முட்டிக்கொள்ளும். முப்பது வருஷக் கல்யாணத்தில் நாம் அவ்வளவு நெருக்கமாக இருந்தது கிடையாது, அவ்வளவு சண்டை போட்டதும் கிடையாது. முக்கால்வாசிச் சண்டை நங்கூரத்தால் வந்தது. நீங்கள் பின்னால் சுக்கானில், நான் முன்னால் சங்கிலியோடு. நடுவில் காற்று.

“போடு!” என்பீர்கள். போடுவேன்.

“இப்பப் போடாதேன்னு சொன்னேன்!”

“போட்டாச்சுங்க!”

“அப்ப எடு!”

“நீங்க வந்து எடுங்க, எனக்கு இடுப்பு போச்சு!”

துறைமுகத்து டீக்கடையில், சரி, காபிக்கடையில், உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு நாம்தான் சாயங்கால நாடகம். சண்டை முடிந்து கரையேறினால் கல் சந்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் காட்டுப்பூ. நீங்கள் ஒன்றைக் கிள்ளி என் கொண்டையில் வைப்பீர்கள். அது ஐந்து நிமிஷத்தில் வாடிவிடும். “நம்மூர்க் கனகாம்பரம் மாதிரி தாங்காது” என்று நான் குறை சொல்வேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பேசாமல் வைத்துக்கொண்டிருக்கலாம்.

முதல் வருஷம் நாள் கிழமை பார்க்காமல் படகை இறக்கினோம். அரை மணியில் எஞ்சின் நின்றது. இரண்டாம் வருஷம் என் பிடிவாதத்தில் சித்திரை ஒன்றாம் தேதி இறக்கினோம். ஆறு வாரமும் ஒரு குறையில்லை. அவ்வளவுதான், விஞ்ஞானம் படித்த இரண்டு பேர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்: பவானி இனிமேல் சித்திரை ஒன்றுக்குத்தான் தண்ணீரைத் தொடவேண்டும்.

அன்றைக்கு எலுமிச்சம்பழம் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம். படகுக்கு எங்கே வைப்பது? கடைசியில் படகைத் தூக்கிவரும் கிரேனுக்கு நான்கு சக்கரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான்குக்கும் வைத்தேன். கிரேன் ஓட்டும் ஸ்பீரோ இறங்கி வந்தான்.

“வாட் இஸ் திஸ்?”

“லெமன்” என்றீர்கள்.

“ஃபார் ஃபிஷ்?”

“ஃபார் காட்.”

ஸ்பீரோ சிலுவை போட்டுக்கொண்டான். ஏறி, பழங்கள் சரியாக நசுங்கும்படி பார்த்துப் பார்த்து ஓட்டினான். இதை நான் முந்தைய மலர் ஒன்றில் எழுதினேன், சங்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்றாம் வருஷம் மார்ச். உங்களுக்குப் பசி குறைந்திருந்தது, முதுகு வலித்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனுக்குக் கொடுத்த நாள் சித்திரை பிறந்த மறுநாள். நாமோ அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். நீங்கள் சமையலறையில் நின்றுகொண்டு, காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டீர்கள்.

“என்ன பண்ணலாம் சுமதி? டிக்கெட்டை மாத்திரலாமா?”

நீங்கள்தான் கேட்டீர்கள். மாற்றலாமா என்று வாய்விட்டுக் கேட்டீர்கள்.

“ஸ்கேன் மெஷின் எங்கயும் ஓடிப் போயிடாதுங்க. சித்திரை ஒண்ணு ஓடிப் போயிரும்” என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். “இதை எழுதி வச்சுக்கோ, மலருக்கு ஆகும்” என்றீர்கள். நம் வீட்டில் பல் டாக்டர் முதல் வண்டி சர்வீஸ் வரைக்கும் நாள் குறிக்கிறவள் நான்தானே? நானே ஃபோன் பண்ணினேன். அடுத்தது ஜூனில்தான் இருக்கிறது என்றாள் ஸ்கேன் சென்டர் பெண். “ஆர் யூ ஷ்யூர்?” என்று இரண்டு தடவை கேட்டாள். “ஷ்யூர், ஷ்யூர்” என்றேன், ரொம்ப அமெரிக்காக்காரி மாதிரி.

அந்த வசந்தத்தில் உங்கள் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பாய் கட்டுகிற நாடாவை எடுத்து பெல்ட்டாகக் கட்டிக்கொண்டீர்கள். நான் அதைப் படம் எடுத்து, கடல் காற்று என் வீட்டுக்காரரை இளைக்க வைத்த கதை என்று ஒரு பக்கம் எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். முன்னெல்லாம் நங்கூரம் தூக்க நான் சலித்துக்கொண்டால் முன்பக்கம் வந்து என்னைத் தள்ளிவிட்டு நீங்களே இழுப்பீர்கள். அந்த வருஷம் வரவில்லை. “நீயே தூக்கு, உடம்புக்கு நல்லது” என்று சுக்கானிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். சோம்பேறி என்று திட்டினேன். இத்தாக்கா தீவில் ஒரு சின்ன விரிகுடாவில், பட்டப்பகலில், என் மடியில் தலை வைத்து மூன்று மணி நேரம் தூங்கினீர்கள். எவ்வளவு நிம்மதியான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னால் யாருக்குப் புரியும், அந்த ஆறு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். என் ஆயுளிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூனில் எடுத்த ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. இரண்டு மாசம் முன்னால் பார்த்திருந்தால் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் கயல் உங்கள் ஃபைலையெல்லாம் ஃபோனில் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் கொடுத்த ஸ்கேன் தேதியை யாரோ தள்ளிப் போட்டிருப்பது அதில் இருந்தது. ஃபோனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“டாட், ஹூ டிட் திஸ்?”

நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான் கண்ணு” என்றீர்கள். “அம்மாவுக்கு எதுவும் தெரியாது.”

நான் தொடர்ந்து பழத்தை உரித்தேன். ஒரு சுளை கூட உடையவில்லை. அவ்வளவு நிதானம். அவள் வெளியே போன பிறகு, “ஏனுங்க இப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“போச்சாது உடு, சுமதி. நான் போறவன். அவ கோவத்தை எம்மேல போட்டா நான் எடுத்துட்டுப் போயிருவேன். நீ அவகூட இருக்கப் போறவ.”

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழத்தைக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு சுளை தின்றீர்கள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

ஆனால் நீங்கள் எடுத்துப் போகவில்லைங்க. நினைத்ததெல்லாம் சரியாகச் செய்கிற மனிதர், இதை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கோபம் இங்கேயே இருக்கிறது, ஆஸ்டினில் அவள் வீட்டில். உங்கள் முதல் திதிக்கு அவள் வரவில்லை. “மாம், ஹி சோஸ் எ போட்” என்றாள். நம்மையெல்லாம் விட அப்பாவுக்கு ஒரு படகுதான் பெரிதாக இருந்தது என்கிறாள். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டேன். நானும் ஒரு தாய்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று. பேரன் பிறந்திருக்கிறான். பதினோரு மாசம். உங்கள் மூக்கு, என்ன செய்வது, பாவம். அவள் வீட்டுச் சுவரில் அவனுடைய இன்னொரு தாத்தாவின் படம் இருக்கிறது. உங்கள் படம் இல்லை. பிரேம் போட்டு நான் கொண்டுபோய்க் கொடுத்ததைத் துணி அலமாரியில் வைத்திருக்கிறாள். போன மாசம் அவன் டயப்பர் எடுக்கப் போனபோது பார்த்தேன். முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் டயப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது படகுத் துறையிலிருந்து மெயில் வந்திருக்கிறது. பவானியின் அடிப்பாகம் முழுக்க ஈரம் ஏறிவிட்டதாம். செப்பனிட முடியாது, வாங்க ஆளில்லை, இடம் வேண்டும், உடைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். படகு இப்போது என் பேரிலும் கயல் பேரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். படம் அனுப்பியிருந்தார்கள். பாய்மரத்தைக் கழற்றிவிட்டார்கள். பேரில் பாதி உரிந்துவிட்டது. சுற்றி அந்தச் சிவப்புப் பூக்கள், யாரையும் கேட்காமல், அவை பாட்டுக்குப் பூத்திருக்கின்றன.

கயலிடம் காட்டினேன். “பிரேக் இட்” என்றாள், தயிர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே. காகிதத்தைப் பிரின்ட் எடுத்து வருகிறேன் என்றாள். அதற்குத்தான் சனிக்கிழமை வருவது.

நான் கையெழுத்துப் போடத்தான் போகிறேன். அழுகிய படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குத் தனியாக ஓட்டவும் தெரியாது. ஆனால் அவள் கையெழுத்துப் போடும்போது உங்களை உடைப்பதாக நினைத்துக்கொண்டு போடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு பேனா மூடியைக் கையில் வைத்திருக்க என்னால் முடியாது. ஒரு தடவை பழம் உரித்தாயிற்று.

ஆங்கிலத்தில் அவளுக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் ஒரு ஜோக் வந்துவிடும். அழித்துவிடுவேன். பிறகு தமிழில் எழுத ஆரம்பித்தேன், ஏன் தெரியுமா? அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கோழைத்தனத்தில் நான் கெட்டிக்காரி. எழுதி முடித்தபோதுதான் மல்லிகா ஞாபகம் வந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும், அவள் பையன் கயலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மலரை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழாவில் கொடுப்பார்கள். பாயசம் ஆறுவதற்குள் செய்தி ஆஸ்டின் போய்விடும். அதனால்தான் இதைக் கிழிக்காமல் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புகிறேன். எனக்கு வேறு வழி வைத்தால் அந்த வழியில் ஓடிவிடுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

மன்னிப்பாள் என்ற நம்பிக்கையில் ஒன்றும் நான் சொல்லப் போகவில்லைங்க. அவள் உங்கள் பெண், பிடித்தால் பிடித்ததுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே காரில் ஏறிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் இருக்காது. அவன் நடக்க ஆரம்பிப்பதை நான் யாரோ சொல்லிக் கேட்பேன். உங்கள் படத்தை அவள் திருப்பி வைப்பாளா, அதுவும் தெரியாது. இரண்டு பேர் மேலும் கோபம் வந்தால் அவளுக்கு என்ன மிச்சம்? இதை யோசித்து யோசித்துத்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காக மூடியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காக. பாதிக்கும் மேலே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடுவாள். காபி போடுவதற்கு முன்னால், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். குழந்தையை வாங்கிவிட்டால் சொல்ல மாட்டேன். அவர் மாற்றலாமா என்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன், நான்தான் ஃபோன் பண்ணினேன். மூன்று வாக்கியம். நடுவில் ஜோக் கிடையாது. சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி சுமதி,
கயலின் அம்மா, சனிக்கிழமை பத்து மணி வரைக்குமாவது.