சுப்புராயன் என்னை ‘வாங்க’ என்றான்

அன்பு மகள் அபிநயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் தெம்பாக இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க நம் மாரியம்மன் துணை இருப்பாள். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் சொல்கிறாள், அவளை வைத்துக்கொண்டு என் மானம் போன கதையை எப்படிச் சொல்வது? அதனால்தான் பார்சலில் புளிக்கு அடியில் இதைச் சொருகியிருக்கிறேன். தேன் நம் கரும்பு வெட்ட வந்தவர்கள் கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, அசல் தேன். முறுக்கில் இந்தத் தடவை ஓமம் ஜாஸ்தி, அதை உன் அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே. அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கள்ளக்குறிச்சி டாக்டர் நடக்கச் சொன்னார், இவளும் தினமும் நடக்கிறாள், பக்கத்து வீடு வரைக்கும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்ப நடந்து வருகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ராதிகாவை ஆபீசில் நாலு பேர் சேர்ந்து வேலையை இழுத்தடிக்கிறாள் என்று பேசினார்கள், நீ வாயைத் திறக்கவில்லை, அது அவள் காதுக்குப் போய் உன்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள் என்று போன வாரம் சொன்னாயே. நான் அவளைப் பத்தி ஒரு வார்த்தைகூடத் தப்பா பேசலியேப்பா, சும்மா இருந்தது ஒரு துரோகமா என்று கேட்டாய். வுடும்மா, ரெண்டு நாள்ல சரியாப் பூடும் என்றேன். அது சும்மா வாய்க்கு வந்தது, அம்மா பக்கத்தில் நின்றாள். அந்த நேரம் நானே அதே வம்பில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

நம் கரும்பு வெட்டினபோது தோகையெல்லாம் உன் சுப்புராயன் மாமாவுக்குத்தான் கொடுத்தேன். அவன் வீட்டில் வைக்கோல் தீர்ந்துபோயிருந்தது, பத்துப் பன்னிரண்டு நாள் அவன் பசு தோகையை மட்டும் தின்று நின்றது. வெறும் தோகை தின்றால் பால் நீர்த்துப்போகும், மாடு வைத்திருக்கிறவனுக்கு இது தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் சொசைட்டியில் எல்லாரும் கேனோடு நிற்கிறோம், பால் அளக்கிறவர் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் மீட்டரை அவன் பாலில் விட்டுப் பார்த்து டிகிரி கம்மியா கீதே என்றார். அவ்வளவுதான், பின்னால் நின்ற பழனி, சுப்புராயன் வூட்ல மாடு கறக்குதா மோட்டார் கறக்குதா என்று ஒரு போடு போட்டான். ஊரே சிரித்தது. சுப்புராயன் திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் இருந்த டீயை ஊதிக்கொண்டு நின்றேன். தோகை கொடுத்தவன் நான்தான்யா, அதான் காரணம் என்று ஒரு வாக்கியம், அது என் வாயிலிருந்து வரவில்லை. பழனி வாய்க்குப் பயம் ஒன்று, என் மாடும் அதே தோகையைத்தான் தின்றது, அடுத்து மீட்டரில் இறங்குவது என் பால் என்ற பயம் இன்னொன்று. உன் அம்மா பருத்திக்கொட்டை ஆட்டி வைத்திருந்ததால் என் பால் தப்பித்தது, அது வேறு கதை. பழனி அதோடு விட்டானா, தங்கதுரையே கம்முனு நிக்கிறாரு, கூடவே சுத்தறவருக்குத் தெரியாததா இன்னா என்றான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மற்ற இருபது பேரும்தான் பேசாமல் நின்றார்கள், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் பேசாமல் நின்றது மட்டும் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் பேசவில்லை பார், உன் அப்பன் லட்சணம் அது.

அன்றோடு சுப்புராயன் சொசைட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டான், வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு தியாகதுருகம் டீக்கடைக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறான். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பினாலும் தேவலை, வாங்க, சௌக்கியமா இருக்கீங்களா என்கிறான்! ஒன்றாம் வகுப்பிலிருந்து டேய் துரை என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிடாதவன் அவன். நான் ஒன்றும் தப்பாகப் பேசவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதே வார்த்தையை நீ போனில் சொன்னதும்தான் அது எவ்வளவு மட்டமான சமாதானம் என்று எனக்கே தெரிந்தது. கோபித்துக்கொள்ளாதே, உன்னைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன், சரி, கொஞ்சம் உன்னையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியில் எல்லாரும் இருக்கும்போது தோகை விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க என்றான் பழனி. அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நேரே சுப்புராயன் வீட்டுக்குப் போய், தப்பு என் மேலதான்டா என்றேன். தவிட்டைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டான். அப்புறம், பழனி சொன்னது நாலு நாள்ல மறந்துபூட்சுங்க, நீங்க டீயை ஊதிக்கினு நின்னதுதான் கண்ணுலயே நிக்குது என்றான். காபி கொடுத்தான், குடித்தேன்.

ஆகவே நீ ராதிகாவுக்கு போனில் பூப்படம் அனுப்பிக்கொண்டிருக்காதே. எந்த நாலு பேர் முன்னால் பேசாமல் இருந்தாயோ அவர்கள் முன்னாலேயே போய் உனக்குத் தெரிந்ததைச் சொல், அவள் மேல் நிஜமாகவே தப்பு இருந்தால் அதை அவளிடம் தனியாகச் சொல். அப்புறம் அவள் எதிரில் போய் நில். உடனே சரியாகிவிடும் என்று இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். நாள் தள்ளாதே, தள்ளத் தள்ள வாய் இன்னும் கெட்டியாகிவிடும், நான் பட்டுச் சொல்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வை, இரும்பு மாத்திரையை மறக்காதே, பொங்கலுக்கு ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. நீ நூறு வயது நல்ல மனுஷர்கள் சூழ இரு, மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். நான் தினமும் காலையில் சுப்புராயன் வீட்டுக்குப் போகிறேன். இன்றைக்கும் வாங்க என்றுதான் சொன்னான். நாளைக்கும் போவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கதுரை