குடித்தனக்காரர் நலமாக இருக்கிறார்

பிப்ரவரி 4

அன்புள்ள மூட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு" என்று பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை. அங்கேயும் கம்பளியைத் தலைவரை சுருட்டிக்கொண்டு மூட்டை மாதிரிதான் தூங்குகிறாயா? மூச்சு முட்டப்போகிறது, முகத்தையாவது வெளியே வை.

உன் குடித்தனக்காரரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடித் தொட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அந்தச் சங்கு நண்டு, மண்ணுக்குள் போனவர் போனவர்தான். வாரக்கணக்காக ஆளையே காணோம். முதலில் என்மேல் கோபம் என்று நினைத்தேன். கேரட் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்தானே. ஆனால் இத்தனை நாளுக்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா? உன் அத்தான், "அது எப்பவோ போய்ச் சேந்திருக்கும், தூக்கிப் போடு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நீ ஜெயிலைவிட்டு வெளியே வரும் நாள் நெருங்குகிறது, வெறும் தொட்டியைக் காட்ட எனக்கு முகம் ஏது? என்ன செய்யட்டும், உடனே எழுது.

சலவைக்கூடத்தில் எப்போதும்போல ஆஸ்பத்திரித் துணி மலையாகக் குவிகிறது. காலையில் கீழ்வீட்டு அம்மாவை லிஃப்டில் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உன் அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததும் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே பேனாவைத் தேடி ஓடினேன். தோண்டாதே. கிளறாதே. முக்கியமாகக் கழுவாதே. உன்னைத் தெரியாதா எனக்கு? எதைப் பார்த்தாலும் உனக்குச் சோப்புப் போடத் தோன்றும்.

அவர் சாகவில்லை, தோலுரிக்கிறார். உடம்பு வளர்கிறது, மேல்தோல் வளராது. அதனால் மண்ணுக்குள் போய், கால், கொடுக்கு, மீசை என்று மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாக வருவார். அப்போது பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பார். ஒரு விரல் பட்டால் போதும், ஆள் காலி. கழற்றிய தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுதான் மறுபடி கெட்டியாவார். அந்தத் தோல் அச்சு அசல் செத்த நண்டு மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதே. உண்மையிலேயே செத்திருந்தால் மீன் அழுகிய நாற்றம் மாடி முழுக்க அடித்திருக்கும். இதையெல்லாம் போகும்போதே சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கு எதுவுமே சொல்லத் தோன்றவில்லை.

தொட்டியைத் துணி போட்டு மூடு. மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள். பிறகு சும்மா இரு. உனக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை என்று தெரியும்.

இன்னொன்று. மார்ச் கடைசியில் என்னை விடுகிறார்கள். வெளியே போய் எங்கே தங்குவாய் என்று முகவரி கேட்கிறார்கள். குடித்தனக்காரர் இருக்கிற சின்ன அறையில் ஓர் ஓரம் கிடைத்தால் போதும். நான் பின்னால் பார்க்காமல் வேனை ரிவர்ஸ் எடுத்ததில்தான் தையல்காரர் செத்துப்போனார். அவர் மனைவி உங்களுக்குக் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். அதே கட்டடத்துக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கே நாக்கு கூசுகிறது. ஆனால் உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அத்தானிடமும் கேட்டு எழுது.

உன் மூட்டை

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன்.

நீ பயந்தபடியேதான். வரும்போது தொட்டியாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று மண்ணை வாளியில் கொட்டினேன், அலசிக் காயப்போடலாம் என்று. ஒரு கொடுக்கு வந்தது, பிறகு காலெல்லாம் வந்தன. கையில் எடுத்தால் கனமே இல்லை. உட்கார்ந்து அழுதேனடா. காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து மிச்ச மண்ணைக் கொட்டினால், அடியில் சங்கு. உள்ளே வெளிறிப்போய், ரோஜா நிறத்தில், பிறந்த குழந்தை மாதிரி ஒன்று. ஒரு மீசை மட்டும் அசைந்தது. பேயைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மண்ணை அப்படியே திரும்பத் தொட்டியில் போட்டு அவரை மேலே வைத்தேன்.

இன்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினேன். குப்பை வண்டி எப்போதோ போய்விட்டது. அவர் சாப்பாட்டை நானே தூக்கிப் போட்டுவிட்டேன்! நீ சொன்னதையே கேட்க மாட்டேன், இப்போது சொல்வதற்கு முன்னாலேயே செய்துவிடுகிறேன். இப்போது என்ன கொடுக்கட்டும்? சங்கைவிட்டுப் பாதி வெளியே தொங்குகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 28

அன்புள்ள அக்கா,

அழாதே. நான் பக்கத்தில் இருந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு தொட்டியை மனசில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் முடிகிறது.

முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்துப் பொடித்து வை. பறவைத் தீனிக் கடையில் கணவாய் ஓடு கிடைக்கும், அதையும் சுரண்டிப் போடு. அவர் தின்ன வேண்டிய தோலுக்கு இது ஈடாகாது, ஆனால் வெறும் வயிற்றுக்கு இது மேல். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதே. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் உப்புக் கரைத்தது ஒரு கிண்ணம். இருட்டு வேண்டும். எல்லாவற்றையும்விட ஈரமான, வெதுவெதுப்பான காற்று வேண்டும். காற்று காய்ந்தால் அவருக்கு மூச்சு விட முடியாது. இப்போதைய சங்கைவிடப் பெரியதாக இரண்டு மூன்று சங்கு பக்கத்தில் வை. வளர்ந்தவருக்குப் பழைய வீடு இறுக்கும். வெளியே வந்துவிட்டாலும் கையால் பிடித்துத் திணிக்காதே. அவராகத்தான் போக வேண்டும்.

முகவரி விஷயம் எழுதவில்லையே? வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் வந்து கேட்கிறார். "அக்கா எழுதுவாங்க சார்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மூட்டை

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

குடித்தனக்காரர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குளிரில் எங்கள் வீட்டுக் காற்று உதடு வெடிக்கிற காற்று. ஈரத் துணி தொங்கவிட்டேன், பாத்திரத்தில் வெந்நீர் வைத்தேன், எதுவும் பயனில்லை. அவர் அசைவதே நின்றுவிட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாள் முழுக்க நீராவியில் வேகிறவள் நான்! தொட்டியைப் போர்வையில் சுற்றிச் சலவைக்கூடத்துக்கே தூக்கிப்போய், இஸ்திரி அறை அலமாரியில் வைத்தேன். பிளீச்சிங் வாடை அந்தப் பக்கம் வராது, முகர்ந்து பார்த்துவிட்டேன். மேற்பார்வையாளர், "இங்க என்ன மீன் கடையா நடக்குது?" என்று கத்தினார். மறுநாள் அவரே முட்டை ஓடு கொண்டுவந்தார். இப்போது குடித்தனக்காரர் சாயங்காலம் கொடுக்கை அசைக்கிறார். பொடியில் வாய் வைத்த தடம் இருக்கிறது.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேனே, அன்று கீழ்வீட்டு அம்மா உள்ளே வந்தார். உன் வழக்கு முடிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில்லை. போர்வையைப் பார்த்தார்.

"என்னது?"

"நண்டுங்க."

"உயிரோட இருக்கா?"

"தெரியலீங்க. இப்பதான் தோலுரிச்சிருக்கு. தொடக் கூடாதாம்."

என் இரண்டு கையும் தொட்டியில் இருந்தது. அவரே தரைத்தளப் பொத்தானை அமுக்கினார். கதவு திறந்ததும் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போங்க, படி இருக்கு" என்றார். அவர் தோளில் அளவு நாடா தொங்கியது. கணவரின் மெஷினில் இப்போது அவர்தான் தைக்கிறார்.

எனக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அத்தானிடம் கேட்டேன். "உன் தம்பி, உன் முடிவு. நான் குறுக்க வரமாட்டேன்" என்கிறார். அவர் வேண்டாம் என்றாலாவது சண்டை போடலாம். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுகிறேனடா. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இஸ்திரி அறை! எனக்குத் தோன்றியிருக்காது. உன்னை இனி டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

முகவரி கொடுத்துவிட்டேன், கவலையை விடு. இங்கே கூட இருந்த சமையல்காரர் ஓர் இடம் சொன்னார், கட்டில் கிடைக்குமாம். நீ தயங்கியது சரிதான். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு நானே அங்கே வரமாட்டேன். எந்த முகத்தோடு அந்த லிஃப்டில் ஏறுவேன்? கோபமில்லை அக்கா. கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

வாசலுக்கு வராதே. அலைச்சல்.

குடித்தனக்காரரை இனிமேல் நீயே வைத்துக்கொள். தொடாமல் விட்டுவிடு. சங்கு மாறும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்காதே, வெட்கப்படுவார்.

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள மூட்டைக்கு,

வராதே என்றாய், நான் வந்தேன். நீ சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? உன் நீலக் கம்பளிச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு விடிந்ததும் வந்து நின்றேன். வாசலில் இருந்தவர், "அவரு நேத்தே போயிட்டாரும்மா, தனியாத்தான் போனாரு" என்றார். எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் சொல்லக் கூடாதாம்.

அதற்கு முந்தின நாள் கீழ்வீட்டு வாசலுக்குப் போனேன், நீ இங்கே வரலாமா என்று கேட்டே விடலாம் என்று. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணியை அடிக்கக் கை தூக்கினேன். முடியவில்லை. வா என்று எழுதவும் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை. நண்டைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். நீ எல்லாவற்றையும் புரிந்துகொண்டாய். புரியாமல் இருந்திருக்கலாம், வந்து கதவைத் தட்டியிருக்கலாம்.

குடித்தனக்காரர் நலமாக இருக்கிறார். நிறம் திரும்பிவிட்டது. கொடுக்கு கெட்டியாகி, கேரட்டை மறுபடி தள்ளிவிடுகிறார். நேற்று சங்கு மாறினார். நான் பார்க்கவில்லை, காலையில் வந்தபோது பழையது காலியாகக் கிடந்தது. வைத்ததிலேயே பெரியதைப் பிடித்திருக்கிறார். கொடுக்கை இழுத்துக்கொண்டால் ஆளே தெரியவில்லை, உள்ளே அவ்வளவு இடம். தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சின்ன அறையில் வைத்துவிட்டேன். அங்கே ஒரு மெத்தையும் விரித்திருக்கிறேன். யாருக்கு என்று அத்தான் கேட்கவில்லை.

போன் அடித்தால் ஓடுகிறேன். சலவைக்கூடத்தில் இருந்தாலும் ஓடுகிறேன்.

உறையில் உன் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை, தம்பி.

அக்கா