காந்தக்கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள், மச்சான்

என் உயிருக்கு உயிரான காதர் மச்சானுக்கு,

நீ மண்ணுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆடி மாதமே வம்பு வந்துவிட்டது. புங்கமரத்தடியில் நீ வைத்த காந்தக்கல்லுக்குப் பக்கத்துத் தெரு ரங்கம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள்!

மொரப்பூரில் ரயிலேறி நாம் மியூசியம் பார்க்கப் போனோமே, அங்கே எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தது. தகரம் வெட்டுகிற உன் கை சும்மா இருக்குமா? “நம்மூர்ல தொட்டுப் பாக்கறாப்பல ஒண்ணு வெக்கணும்ப்பா” என்றாய். வைத்தாய். தூக்கணாங்குருவிக் கூடு, பாம்புச் சட்டை, காந்தக்கல், ஊசித் துளை வழியே சந்தையைத் தலைகீழாகக் காட்டுகிற தகரப்பெட்டி. கூரை அந்த மரம்தான். பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மஞ்சள் பூசியதும் ஒருத்தரும் தொடவில்லை. எட்ட நின்று கும்பிட்டார்கள். சுற்றிக் கம்பிவேலி போடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். நேராக ரங்கம்மா வீட்டு வாசலில் போய்க் கத்தினேன்.

“பாய் தொட்டுப் பாக்கத்தாம்மா வெச்சாரு. இப்ப ஒருத்தனும் கிட்ட வர மாட்டேங்கறான்!”

“யாருங்க தொடக் கூடாதுன்னது? ஆணியத் தாவிப் புடிக்குது, சக்தியில்லாமயா? அதான் பூசினேன். மாரியாத்தாள நம்ம கையாலதானுங்க தேச்சுக் குளிப்பாட்டறோம்? வேலிகீலி போட்டா நானே புடுங்கிப் போட்டுருவேன்!”

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவள் தண்ணீர் ஊற்ற, பெண்டு பிள்ளைகள் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். கழுவி முடித்ததும் ஊசி, லாடம், கதவுக் கொண்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் பார்க்கிறார்கள்.

உன் மார்க்கத்துக்கு இது ஒத்துவருமா என்று தங்கச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உன் பெண்டாட்டியாயிற்றே, பட்டென்று சொன்னாள்: “தொடறாங்கல்லண்ணா, அதுதான அவரு கேட்டாரு.” எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், மச்சான்.

போன வாரம் ரங்கம்மா குளிப்பாட்டின கையோடு சொம்பைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. “இரும்பத் தாவிப் புடிக்குது, பித்தளைய ஏனுங்க புடிக்க மாட்டேங்குது?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கென்ன தெரியும்? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இந்த ஊரில் இப்போது பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி அதைத்தான் கேட்கிறாள்.

கேட்கட்டும், மச்சான். வேலி போட எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் அங்கே குழி தோண்ட வேண்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வேறு வீட்டில் பிறந்துவிட்ட உன் உறவு,
முருகேசன்